பேக்பைப்பின் பித்தளை: துலக்குவதா, விட்டுவிடுவதா?

பேக்பைப் வாசிப்பவர்கள் இருவர் சந்தித்தால் பேச்சு சீவாளியில் தொடங்கும், சிறிது நேரத்தில் பித்தளைக்கு வந்து சேரும். ஒருவருடைய கருவி புதுக்காசு போல மின்னும். மற்றவருடையது தேன் நிறத்தில் மங்கிக் கிடக்கும். மின்னுகிறவர் மற்றவரைச் சோம்பேறி என்று நினைப்பார், அவரோ இவரைச் சிப்பாய் என்று நினைப்பார். நான் மங்கல் கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே இருப்பவை என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்.

பேக்பைப்பில் பித்தளைக்கு என்ன வேலை? வெறும் அலங்காரமா?

அலங்காரம் பிறகு வந்தது. உலக்கைக்குப் பூண் பிடிப்பது எதற்கோ அதற்கேதான் இங்கும் பூண். பேக்பைப் என்பது ஒரு காற்றுப் பையும், அதில் பொருத்திய, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய மரக் குழல்களின் கூட்டமும். ஒரு குழலின் முனையில் நூல் சுற்றி, அடுத்த குழலின் வாய்க்குள் இறுக்கமாகத் திருகி நுழைக்கிறோம். ஈரத்தில் நூலும் மரமும் ஊதி வெளிப்பக்கம் தள்ளும்போது, அந்த மெல்லிய மரவாய் பிளக்காமல் பிடித்துக்கொள்வது அதைச் சுற்றியிருக்கும் உலோக வளையம். பூண் இல்லாத பழைய குழல்களில் நீளவாட்டில் ஓடும் விரிசலைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பூணைத் தவிர வேறு இடங்களிலும் பித்தளை இருக்கும். ஒரே சுரத்தை விடாமல் ஒலிக்கும் ஒத்துக்குழலைச் சுருதி சேர்க்க ஏற்றி இறக்கும் இடத்தில் ஒரு பித்தளை உறை இருக்கலாம். வடகிழக்கு இங்கிலாந்தின் சிறிய பேக்பைப்பான நார்த்தம்பிரியன் ஸ்மால்பைப்பில் துளைகளைத் திறந்து மூடும் சாவிகள் பெரும்பாலும் பித்தளை, அல்லது நிக்கல் சில்வர். அயர்லாந்தின் இல்லன் பைப்பில் சாவிகளோடு, வளைந்து திரும்பும் ஒத்துக்குழலின் குழாய்களும் பித்தளையாக இருப்பதுண்டு. சீவாளியைத் தாங்கும் சின்னக் குழாயும் பல கருவிகளில் பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்ததே.

ஸ்காட்லாந்தின் பெரிய பேக்பைப்பில் வெள்ளையாக இருப்பது வெள்ளியா?

வெள்ளியாக இருக்கலாம், நிக்கல் சில்வராக இருக்கலாம், நிக்கல் முலாம் பூசிய பித்தளையாகவும் இருக்கலாம். இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதில்தான் பாதிச் சேதம் நடக்கிறது.

நிக்கல் சில்வரில் வெள்ளி துளியும் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் கலந்த உலோகம் அது. உண்மையான வெள்ளி என்றால் பிரிட்டனில் செய்த பூணில் முத்திரை இருக்கும்: எடின்பரோவுக்குக் கோட்டை, பர்மிங்ஹாமுக்கு நங்கூரம். முலாம் என்றால் விளிம்பைப் பாருங்கள். கை படும் இடத்தில் வெள்ளை தேய்ந்து மஞ்சள் எட்டிப் பார்க்கும். அப்படி எட்டிப் பார்த்த பூணை இன்னும் பளபளப்பாக்க வேண்டும் என்று தேய்த்தால் மஞ்சள்தான் வளரும். முலாமுக்கு ஈரத்துணி, உலர்துணி, அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

யானைத் தந்தம் பொருத்திய பழைய கருவிகளும் உண்டு. 1990 முதல் பன்னாட்டுத் தந்த வணிகத்துக்குத் தடை இருப்பதால் இப்போது செய்பவர்கள் அதைப் போன்ற பிளாஸ்டிக்கைப் பயன்படுத்துகிறார்கள். தந்தத்துக்குப் பக்கத்தில் உலோகப் பாலிஷைக் கொண்டுபோகவே கூடாது.

பித்தளை ஏன் மங்குகிறது?

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். செம்பு பெரும்பங்கு, ஏறத்தாழ 60 முதல் 70 சதவீதம். காற்றிலுள்ள ஆக்சிஜனும் கந்தக வாயுக்களும் செம்போடு சேர்ந்து மேற்பரப்பில் ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்குகின்றன. முதலில் வைக்கோல் நிறம், பிறகு தேன், பிறகு பழுப்பு. படலம் தடிக்கத் தடிக்கக் காற்று உள்ளே போவது குறைகிறது, மங்கும் வேகமும் குறைகிறது. அதனால்தான் நேற்றுத் துலக்கிய பூண் ஒரு வாரத்தில் கண்ணுக்குத் தெரிய மாறுகிறது, பத்தாண்டு மங்கிய பூண் அடுத்த பத்தாண்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. துலக்குகிறவர் மாதாமாதம் அந்தக் கடிகாரத்தைப் பூஜ்யத்துக்குத் திருப்பி வைக்கிறார்.

வியர்வையின் உப்பு இதை விரைவாக்கும். வாயால் ஊதும் கருவியில் மூச்சின் ஈரமும் சேரும். துருத்தியால் காற்றடிக்கும் ஸ்மால்பைப், இல்லன் பைப் ஆகியவற்றின் உள்ளே போவது அறையின் உலர்காற்று. அவற்றின் உலோகம் உள்ளிருந்து கெடுவது அரிது.

மங்கிய பித்தளையால் நாதம் கெடுமா?

வெளிப்புறம் மங்கினால் ஒன்றும் ஆகாது. நாதம் குழலுக்குள் இருக்கும் காற்றில் பிறக்கிறது. வெளியே இருக்கும் வளையத்தின் நிறம் அதற்குத் தெரியாது. துலக்கியதும் ‘தொனி திறந்துகொண்டது’ என்று சொல்பவர்கள் அன்றைக்குச் சீவாளியையும் தொட்டிருப்பார்கள்.

உட்புறம் வேறு கதை. சீவாளியின் பித்தளைக் குழாய்க்குள் களிம்பு பிடித்தால் விட்டம் குறையும். அவ்வளவு சிறிய குழாயில் முடியளவு மாற்றமும் சுருதியை நகர்த்திவிடும். சுருதி உறையில் பச்சை படிந்தால் குழல் ஒரே சீராக வழுக்காமல் விக்கி விக்கி நகரும், சுருதி சேர்ப்பது பெரும்பாடாகும். இந்த இரண்டு இடங்களையும் சுத்தமாக வைத்திருங்கள். ஆனால் தேய்த்து அல்ல. பைப் கிளீனர் குச்சியோ மென்துணியோ போதும். உறையை மெருகுப் பசை போட்டுத் தேய்த்தால் அது மெலிந்து, பிறகு ஒத்துக்குழல் தன் எடையிலேயே இறங்கிவிடும். வாசிக்கும் நடுவில் சுருதி இறங்கும் சுகத்தை அனுபவித்துப் பார்த்தால்தான் தெரியும்.

மங்கலும் களிம்பும் ஒன்றுதானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள்.

மங்கல் என்பது பழுப்பு. சீரானது, வழவழப்பானது, நகத்தால் சுரண்டினால் வராது. உலோகத்துக்கு அது போர்வை. களிம்பு என்பது பச்சை. திட்டுத்திட்டாக, தூளாகவோ மெழுகாகவோ இருக்கும், அடியில் உலோகத்தைத் தின்னும். முதலாவதை விட்டுவிடலாம், இரண்டாவதை விடக்கூடாது.

மூன்றாவது ஒன்றும் உண்டு. பித்தளையில் ரோஜா நிறத் திட்டு தெரிந்தால் அங்கே துத்தநாகம் கரைந்து வெளியேறி, செம்பு மட்டும் சல்லடை போல மிஞ்சியிருக்கிறது என்று பொருள். அது அழுக்கு இல்லை, எதைக் கொண்டு துலக்கினாலும் போகாது. வலுவிழந்த இடம் அது, அதன் மேல் கைவைக்காமல் இருப்பதே நல்லது.

என் கருவியில் பச்சை எப்போதும் ஒரே இடத்தில் வருகிறது. ஏன்?

அந்த இடத்தில் தோலோ எண்ணெயோ பித்தளையைத் தொட்டுக்கொண்டிருக்கும். பையின் தோலைப் பதப்படுத்தும் கொழுப்பு, குழலின் மரத்துக்குப் பூசும் பாதாம் எண்ணெய், சாவியின் அடியில் ஒட்டிய தோல் மெத்தை ஆகிய எல்லாவற்றிலும் கொழுப்பு அமிலம் இருக்கிறது. அது செம்போடு சேர்ந்தால் ஒருவகைச் சோப்பு உண்டாகிறது. சட்டைக் காலர் அழுக்கைப் போலப் பிசுபிசுவென்று, பாசி நிறத்தில் இருக்கும். துருத்தியின் வார்ப் பூட்டைக் கழற்றித் தோலுக்கு அடியில் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் முதலில் தெரியும்.

பல் குத்தும் மரக்குச்சியின் முனையைச் சற்று மென்று மழுக்கி, பெயின்ட் கரைக்கும் ஒயிட் ஸ்பிரிட்டில் லேசாகத் தொட்டு, பச்சையை உருட்டி எடுங்கள். (மென்ற பிறகு தொடுங்கள், தொட்ட பிறகு மெல்லாதீர்கள்.) கத்தி வேண்டாம், ஊசி வேண்டாம். மரத்துக்கு எண்ணெய் பூசும்போது பூணில் வழிந்ததை அன்றே துடைத்துவிட்டால் இந்த வேலையே மிச்சம்.

கடையில் விற்கும் திரவப் பாலிஷைப் பயன்படுத்தலாமா?

கழற்றி எடுக்கக்கூடிய வார்ப் பூட்டுக்கும் சீருடைப் பொத்தானுக்கும் தாராளமாக. மரத்தில் ஒட்டிய பூணுக்கு வேண்டாம் என்பேன். காரணம் இரண்டு.

முதலாவது, மிச்சம். பேக்பைப்பின் மரத்தில் கடைசல்காரர் சீப்பால் இழுத்தது போல நுண்ணிய கோடுகளை வரி வரியாகப் போட்டிருப்பார். பூணை ஒட்டித்தான் அவை தொடங்கும். பாலிஷ் அந்தப் பள்ளங்களுக்குள் இறங்கிக் காய்ந்தால், கருமரத்தில் வெள்ளை மாவு. ஒருமுறை என் கைக்கு வந்த கருவியில் மூன்று ஒத்துக்குழல்களிலும் அந்தக் கோடுகள் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தது போல இருந்தன. வைத்திருந்தவர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அக்கறையோடு துலக்கியவர். நான் ஒரு குழலுக்கு ஒரு மாலை வீதம் மென்பிரஷ்ஷோடு உட்கார்ந்தேன். கோட்டின் அடியில் இருந்தது கல்லாகிவிட்டிருந்தது. அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது, அம்மோனியா. பித்தளைக்கான திரவப் பாலிஷ்கள் பலவற்றில் அது உண்டு. மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் நெடி அதுதான். உள்ளே இறுக்கம் தங்கிய பித்தளையை அம்மோனியா விரிசல் விடச் செய்யும். இதைப் பாடமாகக் கற்றது பிரிட்டிஷ் இராணுவம். இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள், யாரும் தொடாமலே வெடித்துப் பிளந்தன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும், கூட்டை இழுத்து உருவாக்கியபோது உலோகத்துக்குள் தங்கிய இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்பதற்கு 1921இல்தான் விளக்கம் வெளியானது. பேக்பைப்பின் பூணும் தகட்டை அழுத்தியோ இழுத்தோ உருவாக்கியதாக இருந்தால், கூடவே உள்ளிருந்து மரம் ஊதித் தள்ளிக்கொண்டிருந்தால், அதற்கும் அதே இறுக்கம்தான். ஒருமுறை துலக்கியதும் பிளந்துவிடும் என்று பயமுறுத்தவில்லை. பூணுக்கும் மரத்துக்கும் இடையில் கசிந்த பாலிஷை யாரும் துடைக்க முடியாது, அது அங்கேயே உட்கார்ந்திருக்கும் என்பதே என் கவலை.

எலுமிச்சையும் உப்பும்? வினிகர்? பற்பசை?

அமிலம் மங்கலைக் கணத்தில் கரைக்கும், பார்க்க மந்திரம் போலிருக்கும். கூடவே துத்தநாகத்தையும் கரைப்பதால் பித்தளை சற்றே செம்பு நிறமாகும். உப்பின் குளோரைடு நுண்துளைகளில் தங்கிப் பிறகு களிம்பாக முளைக்கும். மரத்துக்கு அருகில் தண்ணீர் விட்டு அதை முழுக்க அலசவும் முடியாது. ஆகவே வேண்டாம். பற்பசையில் இருக்கும் உரைபொருள் பல்லின் எனாமலுக்கு ஏற்றது, பித்தளை அதைவிட மென்மையானது. வளைய வளையமாகக் கீறல் விழும்.

மோட்டாரில் சுழலும் பஃபிங் சக்கரம்?

கூடாது. பழைய பூண்கள் பலவற்றை அரக்கு வைத்துத்தான் ஒட்டியிருப்பார்கள். சக்கரத்தின் சூட்டில் அரக்கு இளகி, பூண் கழன்று சுழலும். செதுக்குவேலைப்பாடு இருந்தால் அதுவும் வழிந்த மெழுகைப் போல மழுங்கிவிடும். சக்கரம் குழலையே கையிலிருந்து பிடுங்கி எறிந்த கதைகளையும் கேட்டிருக்கிறேன்.

என் மனம் கேட்கவில்லை, துலக்கியே ஆக வேண்டும். எப்படிச் செய்வது?

சரி. முதலில் சீவாளிகளை எல்லாம் எடுத்துத் தனியாக வையுங்கள். குழல்களைப் பிரித்துவிடுங்கள். ஒரு தடித்த அட்டையில் பூணுக்குப் பக்கத்திலிருக்கும் மரத்தின் விட்டத்துக்கு வட்டம் வெட்டி, ஓரத்திலிருந்து ஒரு பிளவு போட்டு, கழுத்துப்பட்டி போல மாட்டுங்கள். மரத்தில் ஒட்டும் டேப்பைவிட இது நல்லது. டேப் பழைய வார்னிஷைத் தோலோடு உரித்துக்கொண்டு வரும்.

மெருகுக்கு நுண்ணிய சுண்ணக்கட்டித் தூள். அதை ஒயிட் ஸ்பிரிட்டில் தயிர்ப் பதத்துக்குக் குழைத்து, பழைய பருத்தித் துணியை விரலில் சுற்றி, துளியளவு தொட்டுத் தேயுங்கள். ஆல்கஹால் வேண்டாம், அரக்கையும் அரக்கு வார்னிஷையும் அது கரைக்கும். குழலைத் திருப்பித் திருப்பி, சுற்றுவாட்டில் மட்டும் தேய்க்க வேண்டும். கடைசலின் கோடுகளும் அந்தத் திசையில்தான் ஓடுகின்றன, அதனால் புதுக் கீறல் கண்ணில் படாது. சுண்ணம் மென்மையானது, நேரம் எடுக்கும். பொறுமை இல்லாதபோது கண்ணாடி போன்ற மினுக்கம் வரும்வரை போகாதீர்கள், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பார்ப்பது போன்ற ஒரு மென்பொன் நிறம் வந்ததும் நிறுத்துங்கள். அதுதான் பூணுக்கு அழகு என்பது என் கருத்து. பாதி மங்கல் கட்சிக்காரன் பேச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாவிகளைக் கழற்றாமல் துலக்கலாமா?

கூடவே கூடாது. ஸ்மால்பைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இசைக்குழல் அடிப்பக்கம் மூடியது. விரல்கள் எல்லாம் மூடியிருந்தால் ஒலியே நின்றுவிடும், ஒவ்வொரு சுரமும் வெட்டியெடுத்த மணி போல விழுவது அதனால்தான். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நியூகாசில் வட்டாரத்தில் ஜான் டன், ராபர்ட் ரீட் போன்றவர்கள் அந்தச் சின்னக் குழலில் சாவிகளைச் சேர்த்தபோது, ஒவ்வொரு சாவியும் காற்றுப் புகாமல் அடைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் சேர்த்தார்கள். ஒரு மெத்தையில் இத்துனூண்டு பாலிஷ் பட்டால் தோல் விறைக்கும், காற்று கசியும், எல்லாச் சுரமும் முனகும்.

சாவியின் அச்சு ஊசியை அது போன வழியிலேயே திரும்பத் தள்ளி எடுங்கள். எந்தச் சாவி, எந்த ஊசி, எந்த வில்தகடு என்று அட்டையில் குத்தி வரிசையாக எழுதி வையுங்கள். எல்லாம் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் ஒன்றின் ஊசி மற்றதற்கு ஒரு மயிரிழை தளர்வாக இருக்கும். மெத்தை ஒட்டிய பக்கத்தையும் ஊசித் துளையையும் தொடாமல் மேல்முகத்தை மட்டும் துலக்குங்கள்.

துலக்கிய பிறகு வார்னிஷ் அடித்தால் நிரந்தரமாக மின்னுமா?

சில காலம் மின்னும். பிறகு கை படும் இடத்தில் வார்னிஷ் உரிந்து, அங்கே மட்டும் கறுத்து, சொறி பிடித்தது போல ஆகும். அதை அகற்றக் கரைப்பான் வேண்டும், கரைப்பான் பக்கத்து மரத்தின் மெருகையும் தின்னும். அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் நுண்படிக மெழுகு மேலானது. விரல் நுனியில் தொட்டு, மெல்லப் பூசி, சில நிமிடம் கழித்துத் துடைத்துவிடுங்கள்.

பழைய கருவி ஒன்று கைக்கு வந்திருக்கிறது. விற்கும் முன் பளபளப்பாக்கட்டுமா?

தொடாதீர்கள். வாங்கத் தெரிந்தவர் முதலில் பார்ப்பது மங்கல் எல்லாப் பூணிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதைத்தான். ஒன்று மட்டும் வேறு நிறம் என்றால் அது பிறகு மாற்றியது. துலக்கிவிட்டால் அந்தச் சாட்சியம் போய்விடும், பூணில் யாராவது பொறித்த பெயர் இருந்தால் அதுவும் தேயும். இங்கிலாந்தில் மார்பெத் ஊரில் சாண்ட்ரி என்ற பழைய சிற்றாலயக் கட்டடத்தில் பேக்பைப்புக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. இத்தகைய கருவி எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள அப்படிப்பட்ட சேகரிப்புகளின் படங்களைப் பார்த்து ஒப்பிடுங்கள்.

துணியில் வரும் கறுப்பு அழுக்குத்தானே?

பெரும்பகுதி பித்தளையே. நீங்கள் தேய்த்தெடுத்த உலோகம். கடைசலுக்கு எளிதாக இருக்க ஈயம் சேர்த்த பித்தளைக் கம்பியிலிருந்து செய்த பாகங்களும் உண்டு, ஆகையால் வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், துணியைத் தூக்கி எறியுங்கள்.

பைப் பேண்ட் போட்டிகளில் பளபளப்புக்கு மதிப்பெண் உண்டா?

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ கிரீன் பூங்காவில் நடக்கும் உலகப் போட்டியில் நடுவர்கள் எடைபோடுவது குழலிசை, பறை, கூட்டிசை ஆகிய மூன்றை. பூணுக்கு மதிப்பெண் இல்லை. அணித்தலைவர் கண்ணைப் பற்றி நான் உத்தரவாதம் தர முடியாது.

புதுப் பூணை அம்மோனியா புகையில் வைத்தால் பழைய நிறம் வருமாமே?

வரும், மேலே சொன்ன தோட்டாக்கூடு வழியாக. மரத்தில் ஏறிய பூணை அப்படி வைக்காதீர்கள். இரண்டு மூன்று குளிர்காலம் வாசித்தால் தானாக வந்துவிடும்.

பூண் கழன்று ஆடுகிறது. தேய்ந்துவிட்டதா?

பித்தளை அவ்வளவு எளிதில் தேயாது, மரம்தான் காய்ந்து சுருங்கியிருக்கிறது. சூடேற்றிய அறையில் குளிர்காலம் முழுக்கக் கிடந்தால் இப்படி ஆகும். உடனே பசை போடாதீர்கள். ஈரப்பதம் ஏறும் பருவத்தில் மரம் ஊதும்போது பசை அதற்கு இடம் கொடுக்காமல் பிளக்க வைக்கும். சில வாரம் சாதாரண அறையில் வைத்துப் பாருங்கள். அப்போதும் ஆடினால் கருவி செய்பவரிடம் கொண்டுபோங்கள்.

ஒரே கருவியில் சில சாவி மின்னுகிறது, சில கறுத்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நிறமாக்க வேண்டாமா?

என் ஸ்மால்பைப்பில் வலது கட்டைவிரல் போகும் சாவிகளின் நுனி எப்போதும் மஞ்சளாக இருக்கும். நான் துலக்குவதில்லை, விரல் துலக்குகிறது. நுனியிலிருந்து அரை அங்குலம் தள்ளி நிறம் பழுப்பாகத் தொடங்கி, மெத்தைக்கு அருகில் கறுப்பாகிறது. அடிக்கடி வாசிக்காத சாவி ஒன்று மட்டும் முழுக்கக் கறுத்திருக்கிறது. அந்தச் சுரம் வரும் மெட்டுகள் எனக்கு இன்னும் சரியாக வரவில்லை.